பொற்கொடி சொல்லாத சொல்

என் கொடிக்கு,

நீ இருந்திருந்தால் இந்நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னாக்கா, காலங்காத்தால பேப்பரும் பேனாவுமா?" என்று கேட்டிருப்பாய். இன்று விடிந்ததிலிருந்து பனிமூட்டம் கலையவே இல்லை. வேலி தெரிகிறது. அதற்குப் பின்னால் உன் வீடு இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நட்சத்திரம் பார்க்கிற வெள்ளைக் கூடம் போன இடமே தெரியவில்லை. இப்படிப்பட்ட காலையில்தான் உனக்கு எழுத முடியும் போலிருக்கிறது. வெயில் வந்துவிட்டால் நீ இல்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

பள்ளி ஆண்டு மலருக்குப் பாட்டுக் குழுவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார் தலைமையாசிரியை. எழுத உட்கார்ந்தால் உன் பெயர்தான் வந்தது. உன் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். அறிவழகன், "எழுதுங்கக்கா. ஒண்ணும் மறைக்காம எழுதுங்க" என்றார். ஊரே படிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

படிக்கிறவர்களுக்காக ஒன்று. நீ எங்கள் காவலூருக்கு வந்த நர்ஸம்மா. உன் வீட்டில் ஒரு சாமி படம் கிடையாது, என் வீட்டில் சாமி படம் இல்லாத சுவர் கிடையாது. நடுவில் வேலி. வேலி நெடுக நீ வைத்த செம்பருத்தியும் நந்தியாவட்டையும்.

அடுத்தவர் செடியில் கேட்காமல் பறித்த பூவை நான் சாமிக்கு வைப்பதில்லை. அதனால் நீ குடிவந்த மறுவாரமே தட்டோடு வந்து கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். நான்காம் நாள் நீ சிரித்துவிட்டாய். "ஒருவாட்டி கேட்டா போதாதாக்கா? தெனம் வந்து கேக்கறீங்க." நான் சொன்னேன், "தெனம் புதுப் பூ தானே பூக்குது." அன்றைக்கு உன் கையாலேயே பறித்துப் போட்டாய். சாமி கும்பிடாத வீட்டுப் பூ என் முருகனுக்கு அத்தனை வருடம் போனது. அவன் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

பள்ளியில் பாட்டு வாத்தியார் கிடையாது. மார்கழியில் கோயிலில் பாடுகிறேனே என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்தாவதோடு நின்றவள் நான். மீதிப் படிப்பு மளிகைப் பொட்டலம் கட்டிவந்த காகிதத்தில், பாட்டு ரேடியோவில். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாமி பாட்டு. அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுதிவைப்பேன்: யார் வந்தார்கள், யாருக்குத் தொண்டை கட்டியிருந்தது, எந்த வரி இன்னும் படியவில்லை. அந்தப் பட்டியலில் உன் மகள் கயலின் பெயர் ஏறிய வாரத்தில்தான் நீ என் அடுப்படிக்கு வந்தாய். நினைவிருக்கிறதா?

"அக்கா, கோவிச்சுக்கக் கூடாது. இஸ்கூலு எல்லாருக்கும் பொது. அங்க எம் பொண்ணு சாமி பாட்டு பாட வேணாம்."

"பாட்டு தானே கொடி. பாடுனா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"நீங்க பாடும்போது உங்க மொகத்தப் பாத்திருக்கேன். அது நெஜம். அவ மனசுல ஒண்ணும் இல்லாம வாய மட்டும் அசச்சா அது பொய் தானே? உங்க சாமிக்கே அது நல்லாருக்குமா?"

எனக்குக் கோபம் வந்தது, இப்போது சொன்னால் என்ன. அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்தேன். ஆனால் சாப்பிடும்போது நீ சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. என் சாமிக்காக என்னைவிட நீ அதிகம் கவலைப்பட்டது போல இருந்தது. மறுநாள் பூவுக்கு வந்தபோது கேட்டேன். கயல் பாட வேண்டாம், சுருதிப்பெட்டி பிடிக்கட்டுமா? வெறும் காற்றை இழுத்து விடுகிற வேலை, சொல் எதுவும் இல்லை.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "காத்து அடிக்கலாம்க்கா, தப்பே இல்ல. அவங்கப்பா சைக்கிளுக்கே தெனம் அடிக்கிறாரு."

அப்படித்தான் கயல் எங்கள் பெட்டிக்காரி ஆனாள். எல்லோரும் கண்ணை மூடிப் பாடுவார்கள். அவள் மட்டும் கண்ணைத் திறந்தபடி, ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு பெட்டியை அசைப்பாள்.

பிறகு நீ வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்தாய். உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ நல்லபடியாக வீடு திரும்பினால் கயலை அவன் சன்னிதியில் பாடவைக்கிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். பூவுக்குத் தினமும் கேட்டவள், பிள்ளையின் குரலுக்கு உன்னையும் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. நீ திரும்பவில்லை. கேட்காமல் எடுத்து வைத்ததால்தான் அவன் ஏற்றுக்கொள்ளவில்லையோ? இதை யாரிடம் கேட்பது?

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த வருடம் ஒன்றிய அளவில் பாட்டுப் போட்டி என்று தாள் வந்தது. முதலில் எடுத்துப் பாடும் எங்கள் முன்பாட்டுக்காரி பவித்ரா, வீட்டோடு குடகுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டாள். பத்து நாள்தான் இருந்தது. தலைமையாசிரியை, "கயல் குரல் எப்படி?" என்று கேட்டார். தீராத வேண்டுதல் தானாகத் தீர வழி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்று மாலை பள்ளி விட்டதும் அவளை மட்டும் நிறுத்தி, பாடிப்பார்க்கச் சொன்னேன். நான் ஒரு வரியும் சொல்லித்தரவில்லை, கொடி. பெட்டி பிடித்தபடியே எல்லாப் பாட்டையும் உள்ளே வாங்கி வைத்திருக்கிறாள். அவள் பாடப் பாட வெளியே சாமைக் கொல்லை, புளியமரம், ரோடு எல்லாம் ஒவ்வொன்றாகப் பனியில் கரைந்துகொண்டிருந்தது. அவள் குரலும் நானும் மட்டும் மிச்சம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பாடி முடித்து அவள் கேட்டாள். "பெரிம்மா, அம்மா இத பாட வேணாம்னு சொல்லிச்சில்ல?"

நான் சொன்னேன். "முன்னாடி சொல்லிச்சு கண்ணு. ஆஸ்பத்திரியில இருக்கும்போது, அவ இஷ்டப்பட்டா பாடட்டும்க்கான்னு எங்கிட்ட சொல்லிச்சு."

நீ அப்படிச் சொல்லவே இல்லை. நான் கடைசியாகப் பார்க்க வந்தபோது நீ பேசும் நிலையிலேயே இல்லை.

அது எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? வாயைத் திறந்தேன், வந்துவிட்டது. கயல் முகம் மலர்ந்தது. ஏழு நாள் ஒத்திகை பார்த்தோம். நோட்டில் அவள் பெயருக்கு நேராக "முன்பாட்டு" என்று எழுதினேன். அந்த ஏழு நாளும் நீ என் கனவில் வரவில்லை. அதுவரை மத்தியானம் கண் அயர்ந்தால் போதும், வேலியோரம் நிற்பாய். வாய் அசையும், சத்தம் கேட்காது. பூவைக் காட்டி ஏதோ சொல்வாய். அது நின்றுபோனதும் பயந்துபோனேன்.

எட்டாம் நாள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு அறிவழகன் வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியிலேயே நின்றார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படிக் குரலை உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, கொடி உங்ககிட்ட சொன்னாளாமே. கயலு சொல்லுது."

நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"சொல்லியிருந்தா சரிதான்க்கா, பாடட்டும். அவ சொன்னா நான் தடுக்க மாட்டேன். ஆனா ரெண்டு நாளா ஒரே யோசனையா கெடக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாம போய்ட்டாளேன்னு இருந்தேன். உங்ககிட்ட பேசியிருக்கா." கொஞ்சம் நிறுத்தினார். "வேற இன்னாக்கா சொன்னா? எதுனா ஞாபகம் இருந்தா சொல்லுங்க. சின்னதா இருந்தாலும் தாவல."

கொடி, அந்த மனிதர் என் வாசலில் கையேந்தி நிற்பது போல நின்றார். இன்னும் ஒரு பொய் சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார். அதுவும் வாய்வரை வந்தது. உன்னைப் பற்றி நல்லதாக ஒன்று, அவரைப் பற்றி நல்லதாக ஒன்று. பின்னால் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தில் இருந்தது உன் செம்பருத்தி.

"ஒண்ணும் சொல்லல தம்பி. நாந்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

செருப்பைக் காலில் மாட்டினார், பிறகு கழற்றினார், மறுபடி மாட்டினார். "பாட்டு போனாப் போவுதுக்கா, அது கயலு இஷ்டம். நீங்க வந்து கேட்டிருந்தா நானே சரின்னிருப்பேனோ இன்னாவோ. ஆனா அவ பேருல பொய் மட்டும் வேணாம். எங்களுக்கு மிச்சம் இருக்கறது அவ சொன்னது மட்டும்தான்." அவ்வளவுதான். போய்விட்டார்.

மறுநாள் காலை நான் பூவுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? வெறும் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கயல் கிண்ணம் நிறையச் செம்பருத்தியோடு வந்து நின்றாள். "அப்பா குடுத்துட்டு வரச் சொன்னாரு." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீ கேக்கலன்னு கோவமா இருக்காரு, அதான் குடுத்தாரு" என்றாள். இதற்கு அழுவதா சிரிப்பதா?

அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பாட வேண்டாம் என்றது, அதற்கு அவள் சொன்ன காரணம், நான் வேண்டிக்கொண்டது, பொய் சொன்னது. பத்து வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "இப்ப நீ சொல்லு கண்ணு. உனக்கு இன்னா வேணும்? அப்பா உன் இஷ்டம்னு சொல்லிட்டாரு."

உன்னைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "எனக்கு மெட்டு புடிக்கும் பெரிம்மா. ஆனா சாமி இருக்கா இல்லியான்னு எனக்கு இன்னும் தெர்ல. தெரிஞ்சப்புறம் பாட்றேன். அது வரிக்கும் பெட்டி என்னுது, வேற யாருக்கும் குடுக்காத."

நோட்டில் "முன்பாட்டு" என்று எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் "பெட்டி, அவள் சொன்னபடி" என்று எழுதினேன். போட்டியில் கரகரத்த குரல் செல்வம்தான் முன்பாட்டு. ஒரு பரிசும் கிடைக்கவில்லை. போட்டி நடந்த ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகள் அதே பாட்டை இன்னும் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தார்கள். கயல் ஜன்னலோரம் பெட்டியை மடியில் வைத்து அசைத்துக்கொண்டே வந்தாள்.

இன்னொரு சேதி. தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். இனி புதுப் பிள்ளை யார் சேர்ந்தாலும், முதலில் அந்த வீட்டில் கேட்டுவிட்டுத்தான் பாட்டு. எல்லாப் பிள்ளையும் வாய் திறந்து பாடுகிற மாதிரி ஒரு பாட்டாவது வேண்டும் என்றும் சொன்னேன். "யார் எழுதுவா?" என்றார். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன், பைத்தியக்காரி. ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்து பெஞ்சில் உட்காரும் மேகத்தைப் பற்றி. முதல் வரி நன்றாக வருகிறது. இரண்டாம் வரியில் எனக்குத் தெரியாமலே முருகன் மயிலோடு வந்து நிற்கிறான். கயல் பென்சிலோடு பக்கத்தில் காத்திருக்கிறாள். "வந்துட்டாரு பெரிம்மா" என்று சொல்லி அந்த வரிமேல் ஒரு கோடு போடுகிறாள். இரண்டு வாரத்தில் நான்கு வரி தேறியிருக்கிறது. அந்த நான்கையும் அவள்தான் முன்னால் நின்று பாடுகிறாள், கண்ணைத் திறந்துகொண்டு.

நான் பூவுக்கு மறுபடி போகிறேன். தினமும் கேட்கிறேன். உனக்காக வேண்டிக்கொள்வதையும் விடவில்லை, அது என் பழக்கம். அறிவழகனிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறேன். "அது உங்க வூட்டு விஷயம்க்கா" என்கிறார்.

நேற்று மத்தியானம் கண் அயர்ந்தபோது நீ வந்தாய். வேலியோரம் ஒரு சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சுருதிப்பெட்டிச் சத்தம் வந்தது. அவ்வளவுதான் கனவு. பேசவில்லை. பேசினால் நான் இட்டுக்கட்டியதாகிவிடும் என்று உனக்கே தெரியும் போல.

எழுந்ததும் ஒரு புது நோட்டு எடுத்தேன். நீ என்னிடம் உண்மையாகவே சொன்னவற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். சைக்கிள் காற்று முதல் பக்கத்தில். எந்த நாள், எந்த இடம், அப்போது உன் கையில் என்ன இருந்தது என்பதுவரை எழுதுகிறேன். நினைவில்லாததற்கு நேராக "நினைவில்லை" என்றே எழுதுகிறேன். நிறைந்ததும் அதை அறிவழகன் கையில் கொடுப்பேன், அவருக்குப் பிறகு கயலுக்கு. நீ சொல்லாத ஒரு சொல் அதில் இருக்காது. இது முருகன்மேல் ஆணை. உனக்கு அது செல்லாது என்றால், நான் பறிக்கும் உன் பூமேல்.

வேலிக்கு இந்தப் பக்கம்,
உன் அக்கா
செண்பகம்