காணிக்கைப் பெட்டியின் இரண்டாவது சாவி

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் தோத்திரம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்குச் சர்க்கரை மட்டுப்பட்டதா? நான் சுகம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாளெல்லாம் போர்வை தேய்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சின்னதாக ஒன்று நடந்தது, பதறாதீர்கள். இங்கே சபையில் கூரைக்கென்று இரண்டு வருடமாகக் காணிக்கை எடுக்கிறார்கள். கூரை இன்னும் ஒழுகுகிறது. நான் எழுந்து, "ஐயா, இதுவரைக்கும் எவ்வளவு சேர்ந்திருக்கு?" என்று கேட்டேன். போதகருக்கு முகம் சிவந்துவிட்டது. "கர்த்தருக்குக் கொடுத்துட்டு கணக்கு கேக்குறியாம்மா? உன் விசுவாசம் அவ்வளவுதானா?" என்றார். எல்லோரும் என்னைத் திருடியைப் போலப் பார்த்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்மேல் மட்டுமல்ல அப்பா, உங்கள்மேலும்தான். ஊரில் நம் சபையில் தையல்கார மாமா காணிக்கைக் கணக்கு கேட்டபோது, பிரசங்க பீடத்தில் நின்று நீங்களும் இதையேதான் சொன்னீர்கள். அடுத்த வாரமே அவரை வேதம் வாசிக்க விடாமல் நிறுத்தினீர்கள். நானும் முன்வரிசையிலிருந்து "ஆமென்" சொன்னேன். நீங்கள் ஒரு காசு தொட்டதில்லை என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கு எப்படித் தெரியும்?

என் பாட்டுப் புத்தகத்தை அனுப்புங்கள். இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்து தன் புத்தகத்தை எனக்கும் விரித்துக் காட்டிப் பாடியவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. நம் சபைக் காணிக்கைப் பெட்டியின் இரண்டு சாவியும் உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கின்றன. ஒன்றைத் தையல்கார மாமா வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

உங்கள் மகள்