ரயில் ஓடாத மதியம்

செவ்வாய், இரவு.

சேகர் இன்று காட்டிய அளவீட்டு வரைபடம் கண்ணை மூடவிடவில்லை.

எங்கள் ஆய்வகத்தை ஒட்டிப் பூமிக்கடியில் மெட்ரோ ஓடுகிறது. ரயில் போகும்போதெல்லாம் லேசர் மேசை லேசாக அதிரும். எங்கள் அளவீடு எதிலும் அந்த நடுக்கம் விழாமல் இருந்ததில்லை. சனிக்கிழமை மதியம் தான் தனியாக அளந்தது என்று சேகர் நேற்றுக் கொடுத்த வரைபடம் மட்டும் வழவழவென்று இருந்தது.

"ரயில் நடுக்கம் எங்கே சேகர்?" என்று கேட்டேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அதை ஃபில்டர் பண்ணிட்டேன் மாலதி. ஒரிஜினலை நாளைக்குத் தரேன்."

இன்று தந்தான். நடுக்கம் இருக்கிறது. மதியம் முழுக்க, சரியான இடைவெளி விட்டு, அழகாக இருக்கிறது.

"இப்ப திருப்தியா? எதுக்கெடுத்தாலும் உனக்குச் சந்தேகம்" என்று சிரித்தான். இந்த அளவீட்டை வைத்து எழுதிய கட்டுரையில் எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் பக்கத்து டாலிகஞ்ச் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை மதியம் லேக் மார்க்கெட்டில் காப்பித்தூள் வாங்கப் போக, இதே ஸ்டேஷனில் வந்து நின்றேன். ஏதோ கோளாறு என்று கதவை மூடிவிட்டார்கள். இருட்டும்வரை, எங்கள் ஆய்வகத்தை ஒட்டிப் போகும் அந்தப் பாதை முழுவதும் ஒரு ரயிலும் ஓடவில்லை. ஆட்டோ பிடித்துத்தான் போனேன்.

இதை நாளைக்கு அவனிடம் சொல்லலாம். சொன்னால் நாளை மறுநாள், நடுக்கமே இல்லாத இன்னொரு ஒரிஜினல் வரும்.