முதல் படியில் இன்னாசி

2094 மார்ச் 3, காலை 8.10

நிலவின் தென்முனை, பனிச்சுரங்கச் சீர்திருத்த நிலையம். பதிவு செய்பவர் டாக்டர் செண்பகவல்லி, அறவளர்ச்சி ஆய்வாளர்.

காற்று உற்பத்தி இயல்பு. வெப்பம் இயல்பு. காவலர்கள் சரக்குக் கலத்தோடு விடுப்பில் போய்விட்டார்கள். மாற்றுக் காவலர்கள் 12ஆம் தேதி வருவார்கள். அதுவரை நானும் நான்கு கைதிகளும்தான். ஓடிப்போக இங்கே இடமேது என்று மேலிடம் நிம்மதியாக இருக்கிறது.

இதைக் கேட்பவர் என் துறை தெரியாதவராக இருக்கலாம். சரி தவறை யோசிக்கும் விதம் மனிதனுக்குள் ஆறு படிகளாக வளர்கிறது. முதல் படியில் இருப்பவன் அடிக்குப் பயந்து ஒழுங்காக இருப்பான். ஆறாம் படிக்காரன் யாரும் பார்க்காவிட்டாலும் பொது நியாயத்துக்குக் கட்டுப்படுவான். குற்றவாளிகள் பெரும்பாலும் கீழ்ப்படிகளிலேயே நின்றுவிடுகிறார்கள். ஏற்றிவிட்டால் குற்றம் குறையும். இதை நிரூபிக்கத்தான் இரண்டு வருடமாக இந்தக் குழிக்குள் கிடக்கிறேன்.

மார்ச் 3, மாலை 4.30

கைதிகளின் விவாத வட்டம் கூடியது. வட்டத்தில் ஒரே விதி: எல்லோரும் காரணம் சொல்லி முடிக்கும்வரை யாரும் முடிவெடுக்கக் கூடாது. முடிவு எதுவானாலும் சரி, மதிப்பெண் காரணத்துக்குத்தான். விடுதலைப் பரிந்துரையும் அதை வைத்துத்தான்.

இன்றைய கேள்வி: ஊரே பட்டினி கிடக்கும்போது பூட்டிய கிடங்கை உடைக்கலாமா? போலி மருந்து விற்ற சுந்தரவரதன் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆறு. தணிகைவேலுக்கும் மோகனரங்கத்துக்கும் ஐந்து. வீடு புகுந்து திருடும் தூத்துக்குடி இன்னாசி வழக்கம்போல என் உயிரை வாங்கினான்.

"ஒடைக்கக் கூடாதும்மா. மாட்டுனா தோல உரிச்சிருவாங்க."

மாட்டவே மாட்டாய் என்றால் என்று கேட்டேன். தாராளமாக உடைக்கலாம் என்றான். ஒன்று. இரண்டு வருடமாக இந்தக் கல்லில் நார் உரிக்கிறேன்.

மார்ச் 5, காலை 11.05

சுரங்கத்தின் கூரை சரிந்தது. துளைக்கருவியைப் பழுது பார்க்கப் போன இன்னாசி உள்ளே சிக்கிக்கொண்டான். உயிரோடு இருக்கிறான், காலில் இரும்புச் சட்டம் விழுந்திருக்கிறது. காற்று தயாரிக்கும் ஆலைக்குப் பனி கொண்டுவரும் குழாயும் முறிந்துவிட்டது. இனி காற்று உற்பத்தி இல்லை, சேமிப்பில் இருப்பதுதான். கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொன்னேன். 10ஆம் தேதிக்கு முன் கலம் வராதாம்.

மற்ற மூன்று பேரையும் உடனே விண்வெளி உடை மாட்டி அவனை மீட்கப் போகச் சொன்னேன்.

காலை 11.40

இன்னும் யாரும் உடை மாட்டவில்லை. வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள்!

ஒரு உயிரைக் காக்க மூன்று உயிரைப் பணயம் வைப்பது நியாயமா என்று தணிகைவேல் கேட்கிறான். கட்டாயத்தால் செய்கிற உதவி அறமாகுமா என்று மோகனரங்கம் கேட்கிறான். அங்கே இன்னாசி ஒலிபெருக்கியில் அழுகிறான். எழுந்திருங்கடா என்று கத்தினேன். எல்லோரும் காரணம் சொல்லி முடிக்கவில்லையே என்று சுந்தரவரதன் பணிவாக விதியை நினைவூட்டினான். பிறகு கேட்டான்:

"டாக்டர், மார்க் குறிச்சுக்கிட்டீங்களா?"

கையில் இருந்த மதிப்பெண் பலகையை அவன்மேல் எறிந்தேன். படவில்லை.

பகல் 12.15

நானே போகிறேன். எனக்குச் சுரங்க அனுபவம் கிடையாது. எரிச்சல் மட்டும் இருக்கிறது, அது போதும்.

பகல் 2.05. இனி தலைக்கவசப் பதிவு.

கடப்பாறையால் நெம்பி அவன் காலை விடுவித்தேன். எலும்பு முறியவில்லை, நொண்டுகிறான். நன்றி சொல்லவில்லை. பின்னால் வருகிறான்.

பகல் 2.40

நிலையத்தின் கதவு திறக்கவில்லை.

உள்ளிருந்து சுந்தரவரதன் பேசினான். அப்படியே பதிவாகியிருக்கிறது:

"டாக்டர், நாங்க பேசி முடிச்சுட்டோம். இருக்கிற காத்து மூணு பேருக்குத்தான் பத்தாம் தேதி வரைக்கும் வரும். அஞ்சு பேர்னா அஞ்சும் போயிடும். நாங்க உள்ள இருக்கோம்ங்கிறதுக்காக இதச் சொல்லல. நீங்க உள்ள இருந்து நாங்க வெளிய நின்னாலும் இதே நியாயம்தான். வருத்தமாத்தான் இருக்கு."

தன் பக்கம் சாயாத நியாயம், இடம் மாறினாலும் மாறாத நியாயம். இதற்கு நான் எழுதிய பாடப்புத்தகத்தில் ஒரே மதிப்பெண்தான். ஆறு. என் தலையில் இடி விழ! இவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

கதவை உதைத்தேன். கடப்பாறையால் அடித்தேன். கதவு அசையவில்லை.

பகல் 3.00

இறங்குதளத்தில் அவசரக் கூடாரம் இருக்கிறது. அதில் காற்றும் தண்ணீரும் உண்டு, கலம் வரும்வரை தாங்கலாம். ஒரு மணி நேர நடை. என் சிலிண்டரில் ஒரு ஆள் அங்கே போய்ச் சேரும் அளவு காற்று இருக்கிறது. இன்னாசியின் சிலிண்டரில் சில நிமிடங்களுக்குத்தான். பகிர்ந்து போனால் இருவரும் பாதி வழியில் விழுவோம்.

இதை அவனிடம் நான் சொல்லவில்லை. இரண்டு அளவுமானிகளையும் அவனே மாறி மாறிப் பார்த்தான்.

பகல் 3.06

நடக்கிறேன். அவன் மிக நெருக்கமாக வருகிறான். நான் நின்றால் நிற்கிறான். கடப்பாறையைக் கதவருகே போட்டுவிட்டு வந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

உன்னைக் காப்பாற்ற வந்தவள் நான் என்று சொன்னேன். ஆமா என்றான். மேல்படிகளின் நியாயத்தில் அவனிடம் பேச என்னிடம் இனி எதுவும் இல்லை. முதல் படிக்கு இறங்கினேன். வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் படியை நம்பிக் கும்பிடுகிறேன்.

பகல் 3.09

பதிவுக்கும் அவனுக்கும் சேர்த்து உரக்கச் சொல்கிறேன். இன்னாசி, என் தலைக்கவசம் எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. கலம் வந்ததும் இதைக் கேட்பார்கள். எனக்கு ஏதாவது ஆனால் உன்னை விடமாட்டார்கள். தூக்குதான். கேட்கிறதா? தூக்கு.

நின்றுவிட்டான். பயந்துவிட்டான், முகத்தில் தெரிகிறது. மூச்சு இரைக்கிறது. அவனுடைய அளவுமானி சிவப்புக்கு வந்துவிட்டது. யோசிக்கிறான். இரண்டு வருடத்தில் அவன் இவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை.

பகல் 3.11

என் கழுத்துப் பக்கம் கையை நீட்டுகிறான்.

"எம்மா, அந்தப் பதிவ எங்கன அமத்தி நிறுத்தணும்?"