ஆர்லிஸ் சொன்ன பதில்

பிப்ரவரி 4, செவ்வாய்

வீடியோ வகுப்பில் குழு பிரித்தார்கள். எனக்கு வாய்த்தவன் கோல்டன், பத்தொன்பது வயது. ஊர்க்காரர் ஒருவரைப் பேட்டி கண்டு சின்னப் படம் எடுக்க வேண்டும்.

"எங்கம்மாவே உங்களவிட சின்னவங்க, வெல்மா மேடம்."

"அவங்களையும் கூட்டிட்டு வா. ரெண்டு மெத்தை தள்ளிவிடறேன்."

என் கடைக்கு விளம்பரம் எடுக்க வந்தவன் மெத்தையைச் சவப்பெட்டி மாதிரி காட்டாமல் இருந்திருந்தால் இந்தச் சமுதாயக் கல்லூரிப் பக்கம் நான் ஏன் வரப்போகிறேன்?

பிப்ரவரி 16, ஞாயிறு

சந்தையில் எனக்குப் பக்கத்துக் கடை ஆர்லிஸ். பழைய வாஷிங் மெஷின்களைப் பழுதுபார்த்து விற்பவர். கேமரா என்றாலே ஓடுகிற மனுஷன். "உனக்காக உக்கார்றேன். பல்லு செட்ட மாட்டிக்கட்டுமா?" என்றார்.

"திருட்டு மெஷின் வித்திருக்கீங்களா?" - கோல்டன் எடுத்த எடுப்பில்.

ஆர்லிஸ் சிரித்தார். "ஒன்னு வந்துச்சு தம்பி. நானே போலீசக் கூப்பிட்டு வண்டில ஏத்திவிட்டேன். இடுப்பு வலிதான் மிச்சம்."

கடைசியில் எல்லோரும் வாயைப் பொத்தி நிற்க வேண்டுமாம். அந்த இடத்தின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொள்வார்கள், வெட்டி ஒட்ட உதவும். ஆர்லிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று வகுப்பில் படம் போட்டார்கள். திருட்டு மெஷின் கேள்வி வருகிறது. பதிலைக் காணோம்! அந்த இடத்தில், சத்தம் பதியும்போது தரையைப் பார்த்த முகம். பின்னால் சோகப் பியானோ. மாட்டிக்கொண்ட திருடன் மாதிரியே இருக்கிறார். வகுப்பு கைதட்டியது. கைதட்டியது!

"அவர் பதில் எங்கடா?"

"அது சப்புனு இருந்துச்சு மேடம். நான் எதையும் புதுசா சேர்க்கலையே. அவர் முகம்தான?"

வாத்தியார் ஹால்வர்சனிடம் போனேன். "குழுவுக்குள்ள பேசித் தீர்த்துக்கங்க" என்றார், காபியை உறிஞ்சிக்கொண்டே. த்தூ.

நான் என்ன யோக்கியமா? 'இதுதான் கடைசி பீஸ்' என்று எத்தனை பேரிடம் அளந்திருக்கிறேன். ஆனால் வாங்குகிறவன் மெத்தையை அழுத்திப் பார்க்கலாம். இதில் எதை அழுத்திப் பார்ப்பான்?

மார்ச் 12

இணையத்தில் வேறு ஏற்றிவிட்டான். "எவ்ளோ பேர் பாக்கறாங்க தெரியுமா!" என்று என்னிடமே பெருமை.

மார்ச் 23, ஞாயிறு

கல்லூரி அலுவலகத்தில் கத்தித் தீர்த்தேன், படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். என்ன பிரயோசனம்? இன்று சந்தையில் ஒரு பெண் வாங்கி வண்டியில் ஏற்றிய மெஷினை இறக்கிவைத்துவிட்டுப் போனாள். சந்தை நடத்துகிறவர் ஆர்லிஸிடம், இந்த மாசத்தோடு காலி பண்ணு என்றுவிட்டார். ஆர்லிஸ் அன்று சொன்ன பதிலை அந்த ஆளிடம் ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன்.

"இருக்கட்டும் வெல்மா. ஜனங்க கண்ணால பாத்துட்டாங்களே" என்றார் ஆர்லிஸ்.

கண்ணால்!

மார்ச் 30, ஞாயிறு

ஆர்லிஸ் கடையைக் காலி செய்தார். மெஷின்களை ஏற்ற நானும் கை கொடுத்தேன். கோபமே இல்லை மனுஷனுக்கு. அதுதான் தாங்கவில்லை.

"படிப்பு எப்படிப் போவுது?" என்றார்.

"ரெண்டு வாரமா போகல. அந்த எடத்த நெனச்சாலே அருவருப்பா இருக்கு."

அப்போதுதான் கோபம் வந்தது. "அடி கிறுக்கி! அப்புறம் எந்த எழவுக்கு நான் கேமரா முன்னாடி உக்காந்தேன்?"

வண்டிக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வகுப்புக்குப் போனேன். கோல்டன் வருவதற்கு முன்பே வெட்டி ஒட்டுகிற கணினியில் உட்கார்ந்துவிட்டேன். "நகருங்க மேடம்" என்றான். நகரவில்லை.