தலையில் வைத்த மண்

12 மார்ச் 1957, பாலக்கரை

இன்றும் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பச்சைமலைச் சரிவு எங்களுடையது என்றால் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வருகிறது. "அங்க நீங்க பயிர் செஞ்சதுக்கு என்னம்மா அத்தாட்சி?" அறுத்துத் தின்ற சாமைக்கு எந்த ஊரில் ரசீது கொடுக்கிறார்கள்?

4 மே

அண்ணன் வீரமலையைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மழைக்கு முன்னால் புதரை வெட்டி எரித்து, சாம்பலில் விதைப்பதுதான் எங்கள் விவசாயம். மரக் காண்ட்ராக்டர் நல்லதம்பி, தன் குத்தகைக் காட்டுக்குத் தீ வைத்ததாகப் புகார் கொடுத்திருக்கிறான். அடித்ததில் அண்ணனுக்கு இடது காது கேட்கவில்லை.

9 ஜூன்

வக்கீல் பிலோமின்ராஜ் சொன்னார்: "சாட்சி கிடையாதும்மா. 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க'ன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க, விட்டுடுவாங்க." ஜெயிலுக்குப் போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். பேசாமல் கேட்டான். சரி என்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

17 ஜூன்

குற்றம் சாட்டப்பட்டவனிடம் சத்தியம் கேட்கிற வழக்கமே கோர்ட்டில் இல்லை. அண்ணன் தானாகவே துண்டு முடிச்சை அவிழ்த்தான். அண்ணி இருளாயி கொண்டுவந்து கொடுத்த காட்டு மண். ஒரு பிடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். எங்கள் ஆட்கள் அப்படி வைத்தால் பிறகு பொய் வராது.

"நான்தாங்க எரிச்சேன். அது எங்க காடு. எங்கப்பன் எரிச்சு விதைச்சாரு, அவங்கப்பனும் எரிச்சு விதைச்சாரு."

நீதிபதி அப்படியே எழுதிக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். இரண்டு வருஷம்.

அட பாவி மனுஷா — ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன்னை வெளிய கொண்டுவர நான் நாயா அலைஞ்சேனே.

18 ஜூன்

வீட்டுக்கார கமருன்னிசா அக்கா கஞ்சி கொண்டுவந்து வைத்தார். இறங்கவில்லை.

2 ஆகஸ்ட்

மத்திய சிறைக்குப் போனேன். இளைத்துவிட்டான், இருமுகிறான். "பொய் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருப்பே?" என்று கத்திவிட்டேன். "காட்டு மண்ணத் தலையில வச்சுக்கிட்டு, அந்தக் காட்டையே தெரியாதுன்னு எப்படிம்மா சொல்லுவேன்?" என்றான். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

21 ஜனவரி 1958

அண்ணன் இல்லை. காய்ச்சல் என்கிறார்கள். முதுகில் இருந்த தழும்பும் காய்ச்சலில் வந்ததுதானாம்.

23 ஜனவரி

சரிவில் புதைக்க நல்லதம்பி ஆட்கள் விடவில்லை. பாதை ஓரத்தில் புதைத்தோம்.

11 நவம்பர்

நில விசாரணை. புது அதிகாரி, பழைய கேள்வி: பயிர் செய்ததற்கு என்ன அத்தாட்சி? பிலோமின்ராஜ் எழுந்து அண்ணனின் தீர்ப்பைப் படித்தார். மூன்று தலைமுறையாக அந்தச் சரிவை எரித்து விதைத்து வந்ததை குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொண்டதால் தண்டனை என்று அதில் இருக்கிறது. "கோர்ட்டே ஏத்துக்கிட்டதை இப்ப எப்படிங்க இல்லைன்னு சொல்றது?" என்றார். அதிகாரி மறுபடி வாங்கிப் படித்தார்.

நான் சொல்லிக்கொடுத்தபடி அண்ணன் சொல்லியிருந்தால், இன்று அந்தத் தாளைத் தூக்கிக் காட்டியிருப்பது நல்லதம்பிதான்.

26 ஏப்ரல் 1959, பச்சைமலை

பட்டா அண்ணி பெயரில் வந்துவிட்டது. புதர் வெட்டி முடித்தோம். பந்தத்தை என் கையில் கொடுத்துவிட்டு அண்ணி சொன்னாள்: "நீ சொன்னதக் கேட்டிருந்தா உசுரோட இருந்திருப்பாரு."

காட்டுக்குத் தீ வைத்தேன்.