ஏரியின் மேல் நின்ற விமானம்

யகூத்தியா, 1965 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

கீவில் குளிர் தொடங்கியிருக்குமே, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

நீங்கள் வேலை செய்யும் அந்தோனவ் விமான வடிவமைப்புக் கூடத்தில் வரைந்த விமானங்கள்தான் இங்கே எங்களுக்கு எல்லாம். ஆன்-24 கடிதம் கொண்டுவருகிறது, ஆன்-12 டீசல் கொண்டுவருகிறது. நோயாளிகளைப் பார்க்க என்னை ஏற்றிப் போவது இரட்டை இறக்கை ஆன்-2.

சென்ற வாரம் மான் மேய்ப்பவர்களின் முகாமிலிருந்து குன்னெய் என்ற கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தோம். பாதி வழியில் வலி முற்றிவிட்டது. "குலுக்காம ஓட்டுங்க" என்று விமானி ந்யுர்குனிடம் கத்தினேன். அவர் விமானத்தின் மூக்கை எதிர்க்காற்றுக்குத் திருப்பி வேகத்தைக் குறைத்தார்.

குன்னெய் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "என்னடா தம்பி, வழி மறந்துபோச்சா? அந்த ஏரி அப்போ புடிச்சு அங்கேயே கெடக்குது."

"மறக்கல அக்கா. நம்ம வேகத்தவிட எதிர்க்காத்து வேகம் ஜாஸ்தி. இப்ப நாம பின்னாடி போய்க்கிட்டிருக்கோம்."

அவள் சிரித்த சிரிப்பிலேயே பையன் பிறந்துவிட்டான். எஞ்சின் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை; சற்று நேரம் பயந்துதான் போனேன். பிறகு அவன் வாய் பெரிதாகத் திறந்தது. இருவரும் நலம், நீங்கள் கவலைப்படாதீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. இது பின்னாலும் போகும் என்பது வரைந்தவர்களுக்கு முன்பே தெரியுமா, பறந்த பிறகுதான் தெரிந்ததா? பத்திரிகையில் படம் வந்த புது ராட்சதன் ஆன்-22 இப்படி நிற்குமா? அங்கே யாரையாவது கேட்டு எழுதுங்கள்.

தபால் பையைக் கட்டுகிறார்கள். கொஞ்சம் பூண்டு அனுப்புங்கள். உங்கள் பழைய வேலைச் சட்டை ஒன்றும் வேண்டும். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

உங்கள்
சொலோமியா