சின்ன எழுத்தை வாசிக்கச் சொன்னேன்

வெள்ளிக்கிழமை. நோன்புக்கு இன்னும் ஒன்பது நாள்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து என் அண்ணன், நானா, வந்தார். வந்ததும் என் மகள் ஷிபாவின் போனை வாங்கி, அவளுடைய சண்டை விளையாட்டை அழிக்கப் போனார்.

"பன்னிரண்டு வயசு எண்டு போட்டிரிக்கி. இவளுக்குப் பத்துதானே?"

அவர் தன் மகளுக்குப் போட்டுக் கொடுத்த விளையாட்டுக்கு மூன்று வயதே போதுமாம்.

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் பிஸ்கட் வாங்கினாலும் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லித்தான் வாங்குவேன். ஒருமுறை சாய்ந்தமருதுக் கடையில் இதற்காகவே அரை மணி நேரம் நின்றேன். கடைக்காரருக்குக் கோபம், எனக்கில்லை.

"ரெண்டு விளையாட்டுக்கும் வயசுக்குக் கீழ இரிக்கிற சின்ன எழுத்த வாசிங்க மகள்" என்றேன்.

ஷிபாவுடையதில் லேசான சண்டை, இரத்தம் இல்லை. நானாவுடையதில் காசு கட்டிப் பரிசுப் பெட்டி திறக்க வேண்டும். என்ன வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

"இது சூது இல்லாம வேற என்ன நானா?"

"பெரிய ஆலிம் மாதிரிக் கதைக்காத. கட்டாருக்குப் போன் எடுத்து மச்சானுக்குச் சொல்லுறன்."

"ஓம், சொல்லுங்க. சின்ன எழுத்தையும் சேத்துச் சொல்லுங்க."

தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். என் கணவர் இன்னும் கட்டாரிலிருந்து போன் எடுக்கவில்லை. எடுத்துத் திட்டினாலும் ஷிபாவின் விளையாட்டை நான் அழிக்கப் போவதில்லை.